பாஸ்டனில் பிறந்த சென்னை கவர்னர்!

குட்டீஸ்! உங்களுக்கு ஒரு கேள்வி. அமெரிக்காவில் உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டின் ஜனாதிபதிகள் ஐந்து பேர் அங்கே படித்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, நம்ம சென்னையில் கவர்னராக இருந்த ஒருவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அது எது, சொல்லுங்கள் பார்ப்போம்?

யேல் பல்கலைக்கழகம்! அந்தக் கவர்னரின் பெயர் எலிஹு யேல்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யேல் அந்தக் கல்லூரியில் படித்தவர் அல்ல; பாடம் நடத்தியவரும் அல்ல. அதை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! பிறகு எப்படி அவர் பெயர் வந்தது? அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? வாருங்கள், கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

கடல் கடந்த குடும்பம்

இங்கிலாந்திலிருந்து மக்கள் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறத் தொடங்கிய காலம் அது. 1607-ல் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரை உண்டாக்கினார்கள். 1620-ல் மேஃபிளவர் என்ற கப்பலில் வந்தவர்கள் பிளிமத் என்ற இடத்தில் தங்கினார்கள். 1630-ல் பாஸ்டன் நகரம் உருவானது.

அந்த மண் ஒன்றும் வெறுமனே கிடக்கவில்லை, குட்டீஸ். பல நூறு தலைமுறைகளாக அங்கே மக்கள் வாழ்ந்து வந்தார்கள். சோளம் பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள். வந்தவர்கள் கொண்டு வந்த அம்மை போன்ற நோய்களும், நடந்த சண்டைகளும் அந்த மக்களில் ஏராளமானவர்களைப் பலி வாங்கின. மிச்சம் இருந்தவர்களின் நிலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறியது.

இப்படிக் குடியேறியவர்களில் யேல் குடும்பமும் ஒன்று. இவர்களின் பூர்விகம் வேல்ஸ் நாடு. அங்கே இருக்கும் 'யால்' என்ற பகுதியின் பெயர்தான் 'யேல்' என்று குடும்பப் பெயராக மாறிப் போனது. எலிஹுவின் பாட்டி, தியோஃபிலஸ் ஈட்டன் என்பவரை மறுமணம் செய்து கொண்டவர். 1638-ல் நியூ ஹேவன் என்ற ஊரைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அந்த ஈட்டன். அந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையில் மறுபடி வரும்!

1649 ஏப்ரல் 5-ல் பாஸ்டனில் பிறந்தார் எலிஹு யேல். அவருக்கு மூன்று வயது இருக்கும்போது, 1652-ல், குடும்பம் இங்கிலாந்துக்கே திரும்பி விட்டது. அதன் பிறகு அவர் அமெரிக்கா பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை!

வருடச் சம்பளம் பத்து பவுண்டு

அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்து கொண்டிருந்தது? 1600-ல் லண்டனில் ஆரம்பிக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1639-ல் நாயக்கர்களிடமிருந்து மதராஸப்பட்டினத்தில் கொஞ்சம் கடற்கரை மணலைக் கேட்டு வாங்கியது. அங்கே எழுந்ததுதான் புனித ஜார்ஜ் கோட்டை. பாஸ்டன் நகரத்துக்கும் ஆங்கிலேயர்களின் மெட்ராஸுக்கும் ஏறத்தாழ ஒரே வயதுதான். ஒரே நாட்டு மக்கள், ஒரு பக்கம் நிலம் தேடிப் போனார்கள். இன்னொரு பக்கம் வியாபாரம் தேடி வந்தார்கள்.

1672-ல், 23 வயது இளைஞராக மெட்ராஸில் வந்து இறங்கினார் யேல். வேலை? கம்பெனியில் கணக்கு எழுதும் எழுத்தர். சம்பளம்? வருடத்துக்குப் பத்து பவுண்டு! கம்பெனியில் இருந்ததிலேயே கடைசிப் படி அது.

சரி, இங்கிலீஷ்காரர்கள் ஆறேழு மாதம் கப்பலில் அலைந்து இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்? பாடாலூர், பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் குட்டீஸ் இதற்குச் சட்டென்று பதில் சொல்லி விடலாம். உங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் வெள்ளை வெள்ளையாக வெடித்து நிற்கிறதே, அந்தப் பருத்திதான் காரணம்!

இங்கிலாந்தில் கம்பளித் துணி உண்டு. ஆனால், நம் நெசவாளர்கள் நெய்ததைப் போல மெல்லிய, துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணி அங்கே கிடையாது. அதனால் ஐரோப்பாவில் நம் துணிக்கு ஏகப்பட்ட கிராக்கி. கம்பெனி இங்குள்ள பெரிய வணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும். அந்தக் காலத்தில் காசி வீரண்ணா என்பவர் மெட்ராஸின் தலைமை வணிகராக இருந்தார். இப்படிப்பட்ட வணிகர்கள் ஊர் ஊராக நெசவாளர்களுக்குப் பணம் கொடுத்துத் துணி வாங்கி வருவார்கள். கோட்டையில் அதைத் தரம் பிரித்து, பொதி பொதியாகக் கட்டுவார்கள்.

மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகளில் பொதிகளை ஏற்றி, முரட்டு அலைகளைத் தாண்டிக் கப்பலில் கொண்டு போய்ச் சேர்ப்பார்கள் நம் படகுக்காரர்கள். நெய்தவர், சாயம் தோய்த்தவர், படகு ஓட்டியவர் என்று எத்தனையோ பேருடைய உழைப்பு அந்த ஒரு பொதிக்குள் இருந்தது!

படிப்படியாக மேலே...

யேல் சுறுசுறுப்பானவர். கம்பெனி வேலையோடு சொந்தமாகவும் வியாபாரம் செய்தார். துணி மட்டும் அல்ல, வைரமும் விற்றார். கோல்கொண்டா வைரங்கள் உலகப் புகழ் பெற்றிருந்த காலம் ஆயிற்றே! பத்து பவுண்டு எழுத்தர், சில வருடங்களிலேயே பெரிய பணக்காரர் ஆனார்.

1680-ல் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் திருமணம் யாருடையது தெரியுமா? நம் யேலுடையதுதான்! மணமகள் கேத்தரின். கம்பெனி அதிகாரி ஒருவரின் மனைவியாக இருந்து கணவரை இழந்தவர் அவர்.

1687-ல் யேல் மெட்ராஸின் கவர்னர் ஆனார். அடுத்த ஆண்டிலேயே, கம்பெனியின் உத்தரவுப்படி மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கப்பட்டது. நம் நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி அதுதான். அதன் முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். அவர் பிறந்த இடமும் அமெரிக்காதான் என்றால் ஆச்சரியமாக இல்லை?

பதவி வந்த நேரத்தில் துக்கமும் வந்தது. 1688 ஜனவரியில் யேலின் ஒரே மகன் டேவிட், நான்கு வயதுகூட நிரம்பாத நிலையில் இறந்து போனான். அவன் நினைவாகக் கூரிய கோபுரம் போன்ற ஒரு கல்லறைச் சின்னத்தை எழுப்பினார் யேல். பிற்காலத்தில் அந்த இடத்தைச் சுற்றித்தான் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் எழுந்தன.

குண்டு விழுந்த கிராமங்கள்

உங்கள் பக்கத்து மாவட்டமான கடலூரில் யேல் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள். 1690-ல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை, செஞ்சியை ஆண்ட மராட்டியர்களிடமிருந்து கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார். அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர். டேவிட் என்பது வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர். யேலின் அப்பா பெயரும், இறந்து போன மகன் பெயரும் அதுதான்.

கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வினோதமான அளவு இருந்தது. பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு! இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து, நாலா பக்கமும் சுட்டார்கள். கடலூர் நகரமும் பல கிராமங்களும் கம்பெனி கைக்குப் போயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூருக்குப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

காலையில் எழுந்து பார்த்தால் தங்கள் ஊருக்கு வேறு எஜமானர் வந்திருக்கிறார் என்றால் அந்த ஊர் மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருட்டான ஒரு பக்கம்

குட்டீஸ், இனி வருவது மனதை வருத்தும் விஷயம். ஆனாலும் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

1680-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் பக்கம் கொடிய பஞ்சம் வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் மக்கள் செத்து விழுந்தார்கள். பசி தாங்காமல் சிலர் தங்களையே விற்றார்கள். பெற்ற பிள்ளைகளையும் விற்றார்கள். சில குழந்தைகளைத் திருடியும் விற்றார்கள். அப்படி வாங்கப்பட்டவர்கள் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும், சுமத்ராவில் இருந்த கம்பெனியின் கோட்டைக்கும் கொண்டு போகப்பட்டார்கள்.

ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்று கோட்டைக் கூட்டத்தில் முடிவானது. அந்தக் கூட்டத்தில் யேலும் இருந்தார். கவர்னரான பிறகு அதை நடைமுறைப்படுத்தினார். 1687-ல் ஒரே மாதத்தில் மட்டும் குறைந்தது 665 பேர் மெட்ராஸிலிருந்து இப்படி அனுப்பப்பட்டார்கள். ஏற்றுமதியாகும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் வரி என்றும் கம்பெனி வசூலித்தது. துணிப் பொதிக்கு வரி போடுவது போல, மனிதர்களுக்கும் வரி!

திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர்க்காரர்களைச் சாட்டையால் அடித்து, சூடு போட்டு, அடிமைகளாக வெளிநாட்டுக்கு அனுப்பும்படியும் யேல் இரண்டு முறை தீர்ப்பளித்திருக்கிறார்.

1688-ல் இந்த வியாபாரத்துக்குக் கோட்டையில் தடை போடப்பட்டது. மொகலாய ஆட்சி அப்போது இந்தப் பகுதி வரை வந்து விட்டது. அவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியதுதான் அந்தத் தடைக்கு முக்கியக் காரணம். அதோடு அடிமை வியாபாரம் முழுவதுமாக ஒழிந்து விடவும் இல்லை.

போன கப்பல்களில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? எந்த ஊர்க்காரர்கள்? அவர்களின் பெயர் என்ன? கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கைதான் இருக்கிறது.

பதவி போனது

யேல் கம்பெனிப் பதவியை வைத்துக் கொண்டு சொந்தமாகச் சம்பாதிக்கிறார், யார் பேச்சையும் கேட்பதில்லை என்று உடன் இருந்த அதிகாரிகளே புகார் எழுதினார்கள். 1692-ல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பிறகு கவர்னர் ஆனவர், முதல் மேயராக இருந்த அதே ஹிக்கின்சன்தான்!

அதன் பிறகும் வழக்கு, விசாரணை என்று யேல் மெட்ராஸிலேயே இருக்க வேண்டியதாயிற்று. 1699-ல்தான் இங்கிலாந்து திரும்பினார். சும்மா போகவில்லை, பெரும் செல்வத்தோடு போனார். லண்டனில் இருந்த அவர் வீடு ஓவியங்கள், வைரங்கள், புத்தகங்கள், விலை உயர்ந்த பொருள்கள் என்று நிரம்பி வழிந்தது.

ஒன்பது பொதிகள்

இப்போது மறுபடி அமெரிக்காவுக்கு வாருங்கள். 1701-ல் கனெக்டிகட் என்ற குடியேற்றப் பகுதியில் சிறிய கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. தேவாலயங்களுக்குப் போதகர்களையும், அரசு வேலைகளுக்கு ஆட்களையும் தயார் செய்வது அதன் நோக்கம். 1716-ல் அது நியூ ஹேவனுக்கு மாறியது. ஆம், ஈட்டன் உண்டாக்கிய அதே ஊர்! கட்டடம் கட்ட ஆரம்பித்தார்கள். பாதியிலேயே பணம் தட்டுப்பாடு.

பாஸ்டனில் காட்டன் மேதர் என்ற புகழ் பெற்ற போதகர் இருந்தார். மெட்ராஸில் சம்பாதித்த பணக்காரர் ஒருவர் லண்டனில் இருக்கிறார், அவர் பிறந்ததும் பாஸ்டன்தான் என்று அவருக்குத் தெரியும். 1718-ல் யேலுக்குக் கடிதம் எழுதினார். உதவி செய்தால் கல்லூரிக்கு உங்கள் பெயரையே வைக்கலாம், எகிப்தின் பிரமிடுகளைவிட அது நீண்ட நாள் நிலைக்கும் என்ற பொருள்படச் சொல்லி ஆசை காட்டினார்.

யேலுக்கு அப்போது வயது 69. பெயர் சொல்ல மகன் இல்லை. உதவ ஒப்புக்கொண்டார். ஒன்பது பொதிச் சரக்குகள், 417 புத்தகங்கள், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று என்று கப்பலில் வந்து சேர்ந்தன. பொதிகளில் மஸ்லின், காலிகோ போன்ற துணிகள் இருந்தன. காலிகோ என்ற பெயரே நம் கேரளத்துக் கோழிக்கோட்டிலிருந்து வந்ததுதான்!

சரக்குகளை விற்றதில் சுமார் 562 பவுண்டு கிடைத்தது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். யேல் மெட்ராஸில் வாங்கிய முதல் சம்பளம் வருடத்துக்குப் பத்து பவுண்டு. அப்படியானால் 562 பவுண்டு என்பது ஓர் எழுத்தரின் 56 வருடச் சம்பளம்! கல்லூரிக் கட்டடம் எழுந்தது. யேல் கல்லூரி என்று பெயர் வந்தது. 1887-ல் அதுவே யேல் பல்கலைக்கழகம் ஆனது.

1721 ஜூலை 8-ல் யேல் இறந்தார். வேல்ஸில் உள்ள ரெக்ஸம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மீண்டும் பருத்தி!

கல்லூரி வளர்ந்தது, அமெரிக்காவும் வளர்ந்தது. 1773-ல் பாஸ்டன் மக்கள் கோபத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று படித்திருப்பீர்கள். அது யாருடைய தேயிலை? யேல் வேலை பார்த்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது! 1776-ல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது.

யேல் கல்லூரியில் 1792-ல் பட்டம் பெற்றவர் எலி விட்னி. பஞ்சிலிருந்து பருத்திக் கொட்டையைக் கையால் பிரிப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியும்தானே? 1793-ல் அதற்கு ஓர் இயந்திரம் செய்தார் விட்னி. வேலை மிச்சமாகி, கஷ்டப்படுகிறவர்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நடந்தது நேர்மாறு!

பருத்தியில் நல்ல லாபம் என்றதும் மேற்கே, மேற்கே என்று தோட்டங்கள் பரவின. அதற்காகப் பூர்வகுடி மக்கள் தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1838-ல் செரோக்கி இன மக்களைப் படையை வைத்து வெளியேற்றினார்கள். குளிரிலும் பசியிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்குக் கண்ணீர்ப் பாதை என்று பெயர். தோட்டங்களில் உழைத்தவர்களோ ஆப்பிரிக்க வம்சாவளி அடிமைகள். 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அவர்களின் எண்ணிக்கை, 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம் ஆனது. பெரிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1865-ல்தான் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

பெயர் தெரியாத சிறுவன்

யேலின் கடைசிக் காலத்தில் வரையப்பட்ட ஓவியம் ஒன்று யேல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யேலும் இன்னும் சில பெரிய மனிதர்களும் மேஜையைச் சுற்றி இருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். அவனுக்குப் பத்து வயது இருக்கலாம். உங்கள் வயதுதான்! அவன் கழுத்தில் வெள்ளி வளையம் ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. அடிமை என்பதற்கான அடையாளம் அது.

2020-ல் அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அந்தச் சிறுவன் யார் என்று ஆராய்ச்சி செய்தார்கள். அவன் பெயர் கிடைக்கவில்லை. 2022-ல், அவனைப் பற்றிய விளக்கத்தோடு ஓவியத்தை மறுபடி மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில், அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டது.

என்ன குட்டீஸ், யேல் நல்லவரா, கெட்டவரா என்று கேட்கிறீர்களா? அவர் கொடுத்த நன்கொடையால் ஒரு கல்லூரி எழுந்து, லட்சக்கணக்கானோர் படித்தது உண்மை. அவர் ஆட்சியில் நம் மண்ணின் ஏழைகள் கப்பலேற்றி விற்கப்பட்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்து விடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் வரலாறு.

பெரிய கட்டடங்களில் நன்கொடை கொடுத்தவர் பெயர் கல்வெட்டாக இருக்கும். அதைப் படித்துவிட்டு அப்படியே நகர்ந்து விடாதீர்கள். அந்தப் பணம் எப்படி வந்தது? அதற்காக உழைத்தவர்கள் யார், கஷ்டப்பட்டவர்கள் யார் என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் பருத்தி எடுக்கும் அம்மாக்களின் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால், நீங்கள் போட்டிருக்கும் சட்டையில் அவர்களின் உழைப்பு இருக்கிறதே!